ஒரு எழுத்தாளர் தனக்குப் பிடித்ததென்று சேர்த்து வைத்த பீரோ: எதை முதலில் காப்பாற்றுவது?

கேள்வி இது: "எங்கள் தாத்தா சிறுகதைகள் எழுதியவர். தனக்கு மிகவும் பிடித்தவற்றை மட்டும் ஒரு பீரோவில் தனியாக வைத்திருந்தார். சுமார் 300 புத்தகம், வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்த பைண்டிங்குகள், 50 இசைத்தட்டு, 120 கேசட், 15 வீடியோ கேசட், கொஞ்சம் சி.டி. வீடு சென்னையில், கடற்கரைக்குப் பக்கம். எங்கிருந்து தொடங்குவது?"

முதல் நாள் எதையும் இடம் மாற்றாதீர்கள், துடைக்காதீர்கள், எந்தக் கேசட்டையும் ஓட்டிப் பார்க்காதீர்கள். பீரோவைத் திறந்து, ஒவ்வொரு தட்டையும் புத்தக முதுகுகளில் உள்ள எழுத்தைப் படிக்க முடிகிற அளவுக்குத் தெளிவாகப் போட்டோ எடுங்கள். எதன் பக்கத்தில் எதை வைத்தார் என்பதும் ஒரு எழுத்தாளரின் ரசனைக்குச் சாட்சி. மொழிபெயர்ப்பு நாவல்களுக்கு நடுவில் ஒரு இசைத்தட்டு செருகியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். சுத்தம் செய்கிற வேகத்தில் உயரவாரியாக அடுக்கிவிட்டால் அந்த அடுக்கு திரும்பக் கிடைக்காது.

அடுத்து, வேலையின் வரிசை. பெரும்பாலான வீடுகளில் இசைத்தட்டில்தான் தொடங்குவார்கள், பார்க்க மதிப்பாக இருப்பதால். அது தவறான தொடக்கம். ஒவ்வொரு பொருளைப் பற்றியும் இரண்டே கேள்வி கேளுங்கள்: இது வேறெங்காவது கிடைக்குமா? இது எவ்வளவு சீக்கிரம் கெடும்? கடையில் வாங்கிய சினிமாப் பாட்டுக் கேசட்டில் இருப்பது பெரும்பாலும் இன்று வேறு இடத்தில் நல்ல தரத்தில் கிடைக்கும். தாத்தா வானொலியிலிருந்தோ சபாக் கச்சேரியிலிருந்தோ தானே பதிந்த கேசட் உலகத்திலேயே அந்த ஒன்றுதான். ஆகவே முதலில் வீட்டில் பதிந்த கேசட்டுகளும் வீட்டில் எழுதிய சி.டி.களும். பிறகு வீட்டில் பதிந்த வீடியோ. அதற்குப் பிறகு குறிப்பெழுதிய புத்தகங்களும் பைண்டிங்குகளும். இசைத்தட்டு பொறுத்திருக்கும், நன்றாக வைத்தால் இன்னும் பல பத்தாண்டுகள் தாங்கும். கடையில் வாங்கிய கேசட்டும் சினிமா வீடியோவும் கடைசி.

சி.டி.யை ஒரே நாளில் முடித்துவிடலாம். கம்பெனியில் அச்சான சி.டி. நெடுநாள் இருக்கும். வீட்டுக் கணினியில் எழுதிய சி.டி.யில் தகவல் ஒரு சாயப் படலத்தில்தான் பதிகிறது. வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தை வெளுக்கச் செய்யும். அதனால் போட்டோ எடுத்து முடித்ததும் முதல் வேலையாக அவற்றை ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். ஒரு டிரைவில் படிக்காத தட்டு இன்னொரு டிரைவில் படிக்கும், இரண்டு மூன்றில் போட்டுப் பாருங்கள்.

கேசட்டுகள்

உங்கள் நேரத்தில் பாதி இதற்குப் போகும், போகத்தான் வேண்டும். முதல் காரியம், கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு ஓரத்திலும் உள்ள சின்னப் பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிடுவது. அது இருக்கும்வரை ஒரு தப்பான பட்டனில் கை பட்டால் பதிவு அழிந்துவிடும்.

பிறகு ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நாடாச் சுருளைப் பாருங்கள். பழுப்பு நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொட்டோ சாம்பல் நிறப் படிவோ தெரிந்தால் அது பூஞ்சை. அதைத் தனியே ஜிப் பையில் வையுங்கள். பிளேயரில் போட்டால் வித்துகள் ஹெட்டில் (நாடாவைத் தொட்டுப் படிக்கும் முனையில்) ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும், உங்கள் மூச்சிலும் ஏறும். பூஞ்சை பிடித்தவற்றைக் கடைசியில், என்95 முகக்கவசத்தோடு, அதற்கென்று ஒதுக்கிய பழைய பிளேயரில் மட்டும் ஓட்டுங்கள்.

அடுத்து அழுத்தப் பஞ்சு. கேசட்டின் திறந்த பக்கத்தில், நடுவில், செப்புத் தகட்டின் மேல் ஒரு சின்ன ஃபெல்ட் துண்டு ஒட்டியிருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது விழுந்துவிட்டால் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். பலர் அதைக் கேட்டு "நாடா போய்விட்டது" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நாடா நன்றாகவே இருக்கும். ஐந்து திருகு உள்ள ஒரு புதுக் கேசட்டைத் திறந்து, பழைய நாடாவை இரண்டு சக்கரத்தோடும் அப்படியே தூக்கி அதில் வைத்து மூடினால் சரியாகிவிடும். திருகு இல்லாமல் ஒட்டி மூடிய பழைய கூடென்றால் விளிம்பில் மெல்லிய கத்தியைச் செருகி மெதுவாகப் பிளக்க வேண்டும். அறுந்த நாடாவை ஒட்ட அதற்கான ஒட்டு நாடாவையே வாங்குங்கள். சாதாரண செலோ டேப்பின் பசை கசிந்து அடுத்த சுற்றுகளையும் சேர்த்து ஒட்டிவிடும்.

கேசட்டின் மேல் உள்ள எண்ணையும் பாருங்கள். 60, 90, 120 என்பவை இரு பக்கமும் சேர்த்து ஓடும் நிமிடங்கள். 60 நிமிட நாடா சுமார் 18 மைக்ரான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன், 90 சுமார் 12, 120 வெறும் 9. முழுக் கச்சேரியையும் ஒரே கேசட்டில் அடக்க 120 வாங்கியிருப்பார்கள். அதுதான் பிளேயரில் சிக்கி மடிகிற நாடா. 120ஐ வேகமாகச் சுற்றவே கூடாது, இடையில் நிறுத்தி நிறுத்தி ஓட்டவும் கூடாது. மற்றவற்றைப் பதிவெடுப்பதற்கு முன் ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றுங்கள். பல வருடம் ஒரே நிலையில் கிடந்த சுருளின் இறுக்கம் சீராகும்.

பிளேயர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். யூ.எஸ்.பி. வால் வைத்த கையடக்கப் பிளேயர்களில் பலவற்றின் வேகம் ஆடும். நல்ல நிலையிலுள்ள பழைய கேசட் டெக் ஒன்றைத் தேடி, ரப்பர் பெல்ட்டை மாற்றி, அதன் லைன் அவுட் துளையிலிருந்து ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு (ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் சின்னப் பெட்டி) இணைப்பதே நல்லது. சென்னைக்காரர்கள் பெல்ட்டுக்கு மின்னணு உதிரிபாகக் கடைகள் உள்ள ரிச்சி தெருவில் தேடலாம். பழைய பெல்ட்டையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள், சுற்றளவும் கனமும் பொருந்த வேண்டும். ஐந்தாறு கேசட்டுக்கு ஒருமுறை ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடையுங்கள். நாடாவை இழுக்கும் ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் வேண்டாம், லேசான சோப்புத் தண்ணீர் போதும்.

இப்போது சொல்லப்போகும் ஒரு காரியத்தைப் பெரும்பாலானோர் செய்வதில்லை. ஹெட்டின் இரு பக்கமும் இரண்டு திருகு இருக்கும். ஒன்று இறுகியிருக்கும், மற்றதன் கீழே ஒரு சின்ன ஸ்பிரிங். ஸ்பிரிங் உள்ள திருகு ஹெட்டின் சாய்வை மாற்றும். தாத்தா பதிந்த டேப் ரெக்கார்டரின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் உங்கள் ஹெட்டும் இருந்தால்தான் மேல் ஸ்வரங்கள் முழுதாக வரும். திருகின் இப்போதைய நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சேனலையும் ஒன்றாகக் கலந்து மோனோவாக ஹெட்போனில் கேட்டபடி, திருகைக் கால் சுற்றுக்குள் இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருப்புங்கள். பாடகரின் "ஸ" எழுத்து, தம்புராவின் ஜீவா ஒலி (தந்தியின் கீழ் நூல் வைப்பதால் எழும் ரீங்காரம்), நாடாவின் இரைச்சல் மூன்றும் எந்த இடத்தில் மிகத் தெளிவாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். மந்தமாகக் கேட்ட தம்புரா சட்டென்று திறந்துகொள்ளும் அந்த இடத்தைக் காது தவறவிடாது. ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்ய வேண்டும். வேறு வேறு வீட்டு ரெக்கார்டரில் பதிந்திருந்தால் ஏ பக்கத்துக்கும் பி பக்கத்துக்கும்கூடத் தனித்தனியாக.

ஸ்ருதியையும் சோதியுங்கள். பேட்டரி இறங்கிய ரெக்கார்டரில் பதிந்தது இன்று சரியான வேகத்தில் ஓடினால் ஸ்ருதி ஏறிக் கேட்கும். ஸ்ருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்; ஆண் பாடகர்கள் பெரும்பாலும் 1 கட்டை, 1½ கட்டையை ஒட்டிப் பாடுவார்கள். உங்கள் பதிவில் அது 2½ கட்டையில் நின்றால் வேகத்தைச் சந்தேகியுங்கள். ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் உள்ள இடைவெளி அளவு ஸ்ருதி மாறியிருந்தால் வேகத்தில் கிட்டத்தட்ட 6 விழுக்காடு பிசகு. திருத்துவதைப் பிற்பாடு நகலில் செய்யுங்கள், மூலப் பதிவில் கை வைக்காதீர்கள். இரைச்சல் நீக்குவதற்கும் இதே விதிதான். ஆர்வத்தில் இரைச்சலை முழுவதும் துடைத்தால் மிருதங்கத்தின் சாப்பு அடிக்குப் பின்னால் வரும் நாதமும் சேர்ந்து போகும்.

பதிவை 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் (சுருக்காத ஒலி) கோப்பாக எடுங்கள். வசதி இருந்தால் 96 கிலோ ஹெர்ட்ஸ். பதிவு மென்பொருளின் ஒலி அளவுமானியில் உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். 48 கிலோ ஹெர்ட்ஸில் 90 நிமிடக் கேசட் ஒன்று சுமார் 1.6 ஜி.பி. வரும், 120 கேசட்டுக்கு 200 ஜி.பி.க்குள் முடியும், இன்றைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு மூலை. எம்.பி.3யை உறவினர்களுக்கு அனுப்ப மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வானொலிப் பதிவில் பாட்டுக்கு முன்னும் பின்னும் வரும் அறிவிப்பை வெட்டிவிடாதீர்கள். இலங்கை வானொலியா, திருச்சியா, யார் பாடியது என்று தேதியைக் கண்டுபிடிக்க பெரும்பாலும் அந்த அறிவிப்புதான் ஒரே தடயம்.

வீடியோ

இங்கே அவசரம் நாடாவால் மட்டும் வருவதில்லை, இயந்திரத்தாலும் வருகிறது. வி.சி.ஆர். (வீடியோ கேசட்டை ஓட்டும் இயந்திரம்) தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஓடுகிற நிலையில் ஒன்று கிடைத்தால் உடனே வேலையை முடியுங்கள். பூஞ்சை பார்த்துப் பிரிப்பது கேசட்டைப் போலத்தான். ஆனால் வி.சி.ஆரின் ஹெட் சுழல்வது, அதை வெறும் பஞ்சால் மேலும் கீழும் துடைத்தால் உடைந்துவிடும். இங்குள்ள வீடியோக்கள் பி.ஏ.எல். (PAL) என்ற டி.வி. முறையில் பதிந்தவை என்பதால், படத்தைக் கணினிக்குள் ஏற்றும் பதிவுக் கருவியை 720க்கு 576, நொடிக்கு 25 பிரேம் என்று வையுங்கள். தவறிப்போய் அமெரிக்க முறையில் விட்டால் படம் உருளும் அல்லது நிறம் போய்விடும்.

எந்தப் படத்தை எடுப்பது? கடையில் வாங்கிய சினிமாக் கேசட்டை விட்டுவிடுங்கள். அதன் உறையை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். ஞாயிறு மதியம் தூர்தர்ஷன் போட்ட மாநில மொழிப் படங்களைப் பதிந்து வைத்திருந்தால் அதைக் கட்டாயம் எடுங்கள். அப்படிப் பதிந்த எல்லாப் படமும் இன்று நல்ல பிரதியில் கிடைப்பதில்லை. ஒரு எழுத்தாளர் வங்காளப் படத்தையும் மலையாளப் படத்தையும் எந்த வருடத்தில் பார்த்தார் என்பது அவர் கதைகளின் தேதிகளோடு சேர்த்துப் படிக்க வேண்டிய செய்தியும்கூட.

இசைத்தட்டுகள்

முதலில் இரண்டாகப் பிரியுங்கள். கையில் எடுத்தால் கனமாக, வளையாமல் இருப்பவை அரக்குத் தட்டுகள், நிமிடத்துக்கு 78 சுற்று. விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும். லேசாக வளைந்து கொடுப்பவை வினைல், 45 அல்லது 33⅓ சுற்று. 7 அங்குலத் தட்டெல்லாம் 45 என்று முடிவு கட்டாதீர்கள். 33⅓ என்று லேபிளில் அச்சிட்ட சிறு தட்டுகளும் இங்கே விற்றன.

இந்தப் பிரிவினை எதற்கென்றால், அரக்கு ஆல்கஹாலில் கரையும். வினைலுக்கு என்று விற்கும் சுத்தத் திரவங்களில் சிலவற்றில் ஆல்கஹால் உண்டு. அதில் ஒரு துளி பட்டாலும் 78 சுற்றுத் தட்டின் பள்ளம் உருகிவிடும். இரண்டுக்கும் பொதுவாகப் பாதுகாப்பானது காய்ச்சி வடித்த தண்ணீர் 1 லிட்டருக்கு வாசனையில்லாத பாத்திரச் சோப்புத் திரவம் 2, 3 துளி. லேபிளை நனைக்காமல், மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் போகிற வட்டத்திலேயே துடையுங்கள், பிறகு சோப்பில்லாத வடிநீரால் ஒருமுறை. சென்னை போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதன் உப்பு பள்ளத்தில் படிந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும்.

ஊசியும் வேறு. 78க்குச் சுமார் 3 மில் (ஒரு மில், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகல ஊசி, வினைலுக்கு 1 மில் அல்லது அதைவிடச் சிறியது. வினைல் ஊசியை 78இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலை மட்டும் கொண்டுவரும். பழைய கிராமபோனின் இரும்பு ஊசியை வினைலில் வைத்தால் ஒரே ஓட்டத்தில் தட்டு தீர்ந்தது. தட்டுகளைப் படுக்கவைக்காமல் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். பழைய பிளாஸ்டிக் உறை எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் எடுத்துவிட்டுப் பாலித்தீன் உறை போடுங்கள், அட்டையை மட்டும் எறிய வேண்டாம்.

புத்தகங்களும் பைண்டிங்குகளும்

என் மதிப்பில் உங்கள் பீரோவிலேயே அபூர்வமானவை அந்தத் தொடர்கதை பைண்டிங்குகள். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது ஓவியர் மணியம் வரைந்த படங்கள் வாரவாரம் அதனோடு வந்தன. பின்னால் வந்த மலிவுப் பதிப்புகள் பலவற்றில் படமே இல்லை. எந்தத் தொடராக இருந்தாலும் அந்த வாரத்து விளம்பரம், அடிக்குறிப்பு, அச்சுப்பிழை எல்லாம் பைண்டிங்கில்தான் மிஞ்சியிருக்கும்.

அவற்றின் பகை உள்ளேயே இருக்கிறது. பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது. அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருளும் தாளுக்குப் போட்ட படிகாரமும் காலப்போக்கில் அமிலமாகித் தாளைப் பழுப்பாக்கி நொறுக்கும். பைண்டர்கள் பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் (செம்பு உப்பு) கலப்பார்கள். பூச்சி வராது, ஆனால் அந்தச் செம்பு தாளின் சிதைவை விரைவுபடுத்தும். அதனால்தான் முதுகை ஒட்டிய ஓரம் முதலில் உடைகிறது. துருப்பிடித்த ஸ்டேபிளின் கால்களைப் பின்பக்கம் நிமிர்த்தி, இழுக்காமல் எடுத்து, அதே ஓட்டையில் பருத்தி நூலால் தையுங்கள். செலோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், ரப்பர் பேண்ட் போடாதீர்கள். ரப்பர் உருகித் தாளோடு ஒட்டும். உதிர்கிற பைண்டிங்கைப் பருத்தி நாடாவால் கட்டி, அமிலமில்லாத தாளில் சுற்றி வைத்தால் போதும். புதிதாக பைண்டிங் செய்யக் கொடுத்தால் ஓரத்தை வெட்டிவிடுவார்கள், ஓரத்துக் குறிப்பும் அதோடு போகும்.

புத்தகங்களுக்குள்ளே பாருங்கள். தாள்களுக்கு இடையில் பஸ் டிக்கெட், போஸ்ட் கார்டு, பத்திரிகை நறுக்கு இருக்கும். எதை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தீர்கள் என்று எழுதிப் போட்டோ எடுத்த பிறகே வெளியே எடுங்கள். நறுக்கை அங்கேயே விட்டால் அதன் அமிலம் எதிர்ப்பக்கத்தில் அதே வடிவத்தில் பழுப்பு நிழலைப் பதிக்கும். பென்சில் கோடுகளைப் போட்டோ எடுக்க நேர் வெளிச்சம் உதவாது. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள், மங்கிய பென்சிலும் அழுத்தத்தின் தடத்தால் தெரியும்.

தட்டில் மாவு போலத் தூள் இருந்து தாளில் ஊசித் துளைகள் நேராகப் போயிருந்தால் ராமபாணப் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தப் புத்தகத்தைப் பாலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் எட்டுகிற டீப் ஃப்ரீசரில் 2 வாரம் வையுங்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் அறைகள் பலவற்றுக்கு அந்தக் குளிர் வராது. எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் காற்றிலுள்ள ஈரம் தாளின் மேல் வியர்க்கும். கேசட்டையும் இசைத்தட்டையும் இப்படிக் குளிரில் வைக்காதீர்கள்.

அந்துருண்டை வேண்டாம். மனிதருக்குக் கெடுதல் என்பதோடு, கேசட் டப்பாக்களும் சி.டி. பெட்டிகளும் செய்யப் பயன்படும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கை அதன் ஆவி இளக்கி ஒட்டவைக்கும். வசம்பும் வேப்பிலையும் பூச்சியை விலக்குமே தவிர உள்ளே இருப்பதைக் கொல்லாது; துணி முடிச்சாக, தாளில் படாமல் வைக்கலாம்.

கடலோரச் சென்னையில் உண்மையான எதிரி ஈரம். ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் பூஞ்சை பிடிக்கும், 50ஐ ஒட்டி இருந்தால் நல்லது. சின்ன ஈரமானி ஒன்று வாங்கி பீரோவுக்குள் வையுங்கள். பீரோவை வெளிச்சுவரிலிருந்து 3 அங்குலமாவது தள்ளி நிறுத்துங்கள். மழைக்காலத்தில் சிலிகா ஜெல் பை போட்டு, நிறம் மாறியதும் அடுப்புச் சூட்டில் உலர்த்தித் திரும்பப் போடலாம். கீழ்த்தட்டைக் காலியாக விடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பல வீடுகளில் போனது தரையை ஒட்டிய தட்டுகள். புத்தகம் நனைந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள் அல்லது ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெயிலில் போட வேண்டாம்.

நகலும் பட்டியலும்

டிஜிட்டல் கோப்புகள் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில், இன்னொரு நகல் இணையச் சேமிப்பில். வருடம் ஒருமுறை இரண்டையும் இயக்கிப் பார்க்க வேண்டும். குடும்பத்துக்குள் கேட்பதற்கும் படிப்பதற்கும் நகலெடுப்பது வேறு, இணையத்தில் எல்லோருக்கும் ஏற்றுவது வேறு. இந்தியாவில் நூலின் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டு, ஒலிப்பதிவுக்கு வெளியான பின் 60 ஆண்டு.

பின்னால் நூலகத்துக்குக் கொடுக்க நினைத்தால், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டிய இடம். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனி மனிதர் சேர்த்த சேகரிப்பிலிருந்து 1994இல் எழுந்தது அது. மூட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள், முதலில் பட்டியல் அனுப்புங்கள்: தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, நிலைமை, பீரோவில் இருந்த இடம். குறிப்பெழுதிய பிரதிகளின் எதிரே அதைச் சொல்லி, ஒரு பக்கத்தின் படத்தையும் இணையுங்கள். அந்த வரி இல்லாவிட்டால், ஏற்கெனவே இருக்கும் நூலின் இரண்டாம் பிரதி என்று அதை ஒதுக்கிவிட நேரும்.